விரலைக் குற்றம் சொன்னவர்

எங்கள் குடும்பத்தில் அப்போது எல்லாரும் நம்பியது இதுதான்: அக்காவின் கணவருக்குத் தெரியாத இயந்திரம் ராஜபாளையத்திலும் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இல்லை. அக்காவின் கல்யாணத்தன்று மண்டபத்தில் ஒலிபெருக்கி திடீரென்று ஊமையானபோது, மாலையும் கழுத்துமாக மணவறையிலிருந்து எழுந்து போய் அதன் பெட்டியில் ஒரு தட்டுத் தட்டினார். நாதஸ்வரம் மறுபடி கேட்டது. அந்த ஒரு தட்டில் கிடைத்த பெயரை அவர் சாகும்வரை செலவழித்தார். நம்பிக்கையின் இரண்டாம் பாதியை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் எல்லாருக்குள்ளும் ஊறியிருந்தது. அத்தான் கை வைத்தும் ஒரு பொருள் இயங்கவில்லை என்றால், கோளாறு அதை உபயோகிக்க வந்தவரிடம் இருக்கிறது.

அவர் உயரமானவர். சலவைச் சட்டை, நெற்றியில் கீற்றாகச் சந்தனம். எங்கு போனாலும் தனக்கென்று ஒரு தம்ளர் கொண்டுபோவார். பிறர் கைபட்ட கைப்பிடிக் கம்பியைப் பிடிக்கப் பிடிக்காமல், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்வரை பேருந்தில் கால்களை அகட்டி நின்றபடியே பயணம் செய்வார். வளைவுகளில் அடுத்தவர் மேல் சாய்ந்துவிட்டு, அந்த ஆள்தான் நிற்கத் தெரியாமல் நிற்கிறார் என்பார். எங்கள் அப்பா நெஞ்சுவலியில் விழுந்த அன்று அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை ஓடியவரும் இவர்தான். வெள்ளிக்கிழமைதோறும் சூடு ஆறாத பால்கோவா வாங்கிவந்து, முதல் வாயை எனக்குத்தான் தருவார். இவற்றையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் நியாயமற்றவள் ஆவேன். ஆனாலும் அவரை நினைக்கும்போது முதலில் எனக்குள் எழுவது அருவருப்பு. இத்தனை ஆண்டுகளில் அது கொஞ்சமும் தேயவில்லை.

அவருடைய குணம் முழு உருவில் எனக்குத் தெரிந்தது ஒரு நாய்க்குட்டி வழியாக. ராஜபாளையத்தில் வீடு கட்டிவிட்டு அந்த ஊர் நாய் இல்லாமல் இருப்பது மரியாதைக்குறைவு என்று சொல்லி, பால் வெள்ளையில், இளஞ்சிவப்பு மூக்குடன் ஒரு குட்டியை வாங்கிவந்தார். அது அழகாக இருந்தது. கூப்பிட்டால் மட்டும் திரும்பவில்லை.

"இதுக்குக் காது கேக்கல போலிருக்குங்க" என்றாள் அக்கா.

"பாத்து வாங்கிட்டு வந்திருக்கேன். காதெல்லாம் எம்புட்டு வெடைப்பா இருக்கு பாரு. ஒந் தொண்டைதான் கீச்சுன்னு இருக்கு. நாய அடித்தொண்டையில கூப்பிடணும்."

அதன்பிறகு அந்த வீட்டில் எல்லாரும் அடித்தொண்டையில் கூப்பிடப் பழகினோம். அக்கா சோறு வடித்துக்கொண்டே பழகினாள். நலம் விசாரிக்க வந்த அப்பாவும், வைத்தியர் உரக்கப் பேசக்கூடாது என்று சொல்லியிருந்தும், இரண்டு முறை முயன்றார். நாய் வெயிலில் மல்லாந்து தூங்கியது. கடைசியில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். வெள்ளைக் குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே செவி கேளாது என்று அவர் பொறுமையாக விளக்கினார். அத்தான் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"நீங்க எந்தத் தொண்டையில கூப்பிட்டுப் பாத்தீங்க டாக்டர்?"

அன்று நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவர் வாங்கிய பொருள் பழுதாகாது, தொட்டவர்தான் பழுது. இதை ஒரு வேடிக்கைக் குணமாகவே வெகுகாலம் நாங்கள் வைத்திருந்தோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில் அவர் ஒரு கணினிக் கடை வைத்திருந்தார். சான்றிதழ்களுக்கு விண்ணப்பம் போடுவது, பட்டா நகல் எடுப்பது, விரல் ரேகையைப் பதிந்து ஆளை உறுதி செய்வது போன்ற வேலைகள். நான் ராஜபாளையத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் இருந்தேன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் சனிக்கிழமைகளில் போய் அவருக்கு விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பேன்.

ஒரு கோடை இடியில் பழைய கணினி கருகிப்போனது. மதுரையிலிருந்து புதியது வாங்கி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஆண்டாள் சந்நிதியில் கொடுத்து வாங்கி, மேலே துளசி சாத்தித்தான் மேசையில் ஏற்றினார். சாப்பாட்டுத் தட்டைப்போல மெலிந்த இயந்திரம். பக்கவாட்டில் நீல நாக்குடைய யு.எஸ்.பி. துளைகள். ரேகை பதியும் கருவி மட்டும் பழையதே; தீப்பெட்டி அளவில், கண்ணாடி முகமும் உள்ளே சிவப்பு வெளிச்சமுமாக இருக்கும். அதைப் புதுத் துளையில் செருகினார். வெளிச்சம் எரிந்தது. "சீவன் வந்துருச்சு" என்றார்.

வெளிச்சம் எரிந்ததே தவிர, அன்று முதல் விரல்கள் பதியவில்லை. சிலருடையது பதியும், பலருடையது பதியாது. பதியாதபோது திரையில் ஒரு வரி வரும்: விரல் தெளிவாக இல்லை, மீண்டும் வைக்கவும். இயந்திரமே தன் வாயால் விரலைக் குற்றம் சொன்ன பிறகு அவருக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் தறியில் வேலை செய்யும் ஒரு பெண் வந்திருந்தாள். பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று.

"ஏங்க, போன மாசம் இதே கடையில எடுத்துச்சே?"

"அது பழைய மிஷினு. அழுக்கோட சேத்து எடுத்துக்கிடும். இது புதுசு. புதுசு பொய் சொல்லாது. கஞ்சிப் பசையில கெடந்து கெடந்து ஒங்க ரேக அழிஞ்சு போச்சு. அந்தா, கிண்ணத்துல கைய முக்கித் தேச்சுட்டு வாங்க."

அந்தக் கிண்ணத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடிந்தால் நன்றாக இருக்கும். தயிர் வாங்கிய பழைய பிளாஸ்டிக் கிண்ணம். அதில் சோப்புத் தூள் கரைத்த தண்ணீர், பாதியாக அரிந்த எலுமிச்சம்பழங்கள். விரல் பதியாதவர்கள் அனைவரும் அந்தப் பழத்தால் விரலைத் தேய்த்து, அந்த நீரில் அலசி, பக்கத்தில் ஆணியில் தொங்கிய வேட்டிக் கிழிசலில் துடைக்க வேண்டும். மதியத்துக்குள் நீர் சாம்பல் நிறமாகும். மேலே நுரையோடு நூல் துணுக்கும், தோல் செதிலும், எப்போதாவது ஒரு தலைமயிரும் மிதக்கும். விளிம்பில் ஈ உட்கார்ந்திருக்கும். துணி விறைத்து, அப்பளம்போல நின்றது. ஊர் முழுவதன் கைகளும் ஒரே கிண்ணத்தில் கரைந்துகொண்டிருந்தன; அதை மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, ஏனென்றால் அவர் கை அதில் படுவதில்லை. வந்தவர்களின் விரலையும் அவர் தொட மாட்டார். மர ஸ்கேல் ஒன்று வைத்திருந்தார். கண்ணாடிமேல் விரலை வைத்ததும், நகத்தின்மேல் அந்த ஸ்கேலால் அழுத்துவார். பேத்தி எடுத்தவர்கள், ஊரில் நாலு பேர் கும்பிடும் மனிதர்கள், தங்கள் விரல்மேல் மரக்கட்டை அழுந்துவதைப் பார்த்தபடி குனிந்து நிற்பார்கள்.

பக்கத்துப் பாத்திரக் கடை பாய் ஒருவர்தான் அவரை வாய்க்கு வாய் மடக்குவார்.

"என்ன மாப்ள, ஊருக்குள்ள ஒருத்தனுக்குமே வெரலு இல்லையா? நேத்துவரைக்கும் எல்லாரும் சோறு பெசஞ்சுதானே தின்னோம்?"

"பாய், நீங்க வெங்கலப் பானையத் தட்டித் தட்டி ஒங்க வெரலு மரத்துப் போச்சு."

"அட, நான் கல்லாவுல ஒக்காந்திருக்கவன்பா. பானையத் தட்டிப் பாக்குறது வாங்க வாரவன்!"

கடையே சிரித்தது. அத்தான் சிரிக்காமல் ஸ்கேலைத் துடைத்து வைத்தார்.

காலப்போக்கில் அவருக்கு ஒரு சித்தாந்தமே உருவாகிவிட்டது. காலையில் முதலில் வருகிற வக்கீல் குமாஸ்தாக்களுக்கும் ஆசிரியர்களுக்கும் சட்டென்று பதிந்தது. பிற்பகலில் வேலை முடித்து வருகிற தறிக்காரப் பெண்களுக்கும், வயலிலிருந்து வருகிறவர்களுக்கும், தீப்பெட்டி ஒட்டுகிறவர்களுக்கும் பதியவில்லை. "வெரலப் பாத்தாலே குடும்பம் தெரிஞ்சு போகும்" என்று சொல்ல ஆரம்பித்தார். அருவருப்பு என்பது இன்னதென்று நான் புத்தகங்களில் நிறையப் படித்திருக்கிறேன். நாக்கின் அடியில் கசப்பாக உணர்ந்தது அந்த வாக்கியத்தைக் கேட்டபோதுதான்.

ஒரு சனிக்கிழமை காலையில் நூலக வேலையாக என் விரலையே பதிய வேண்டியிருந்தது, உடனே பதிந்தது. அதே வேலையைத் திருத்திப் போட மத்தியானம் மறுபடி வைத்தேன். விரல் தெளிவாக இல்லை, மீண்டும் வைக்கவும். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நூலகத்தில் புதுக் கணினிகள் வந்தபோது, புத்தகப் பட்டைகளைப் படிக்கும் எங்கள் பழைய கருவியும் இதே சேட்டையைச் செய்திருந்தது. கருவிக்கும் கணினிக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளனாக நின்று பேசும் ஒரு சிறு நிரல் உண்டு, டிரைவர் என்பார்கள். பழைய கருவிக்கு எழுதிய டிரைவர் புதுக் கணினியின் பேச்சைச் சரியாகப் புரிந்துகொள்ளாது. போதாததற்கு, புது இயந்திரங்கள் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக, செத்த நேரம் வேலை இல்லாவிட்டால் யு.எஸ்.பி. துளையைத் தூங்கவைத்துவிடும். கணினியைத் திறந்த புதிதில் விழித்திருக்கும் கருவி, பிறகு வெளிச்சம் எரிய எரியவே அரைத்தூக்கத்துக்குப் போய்விடும். காலையில் வருகிறவர் கை சுத்தம், மாலையில் வருகிறவர் கை அழுக்கு என்ற அவருடைய சித்தாந்தம் முழுவதும் இந்தத் தூக்கத்தின் மேல் கட்டப்பட்டிருந்தது.

"அத்தான், டிரைவர் பழசா இருக்கு போல. இந்தா பாருங்க, கருவி பேருக்குப் பக்கத்துல மஞ்ச முக்கோணம் காட்டுது."

"அது சும்மா வரும்."

"காலையில என் விரல எடுத்துச்சு, இப்ப எடுக்கல. ரெண்டும் ஒரே விரல்தானே?"

"காலையில குளிச்சுட்டு வந்த. இப்ப முறுக்குத் தின்னுட்டு வந்திருக்க." கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவருக்கு அது போதவில்லை. "கொழுந்தியாளே, நீ புஸ்தகத்து முதுகுல சீட்டு ஒட்டுறவ. சீட்டு ஒழுங்கா ஒட்டுதான்னு பாரு. இந்த மிஷின்ல என்னத் தவிர ஒருத்தரும் கை வைக்கக் கூடாது, ஆமா."

அன்று மாலை குடையை மறந்து வைத்துவிட்டேன் என்று திரும்பிப் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து பார்த்தேன். கடையில் அவர் மட்டும் இருந்தார். தன் ஆள்காட்டி விரலைக் கண்ணாடிமேல் வைத்திருந்தார். திரையில் அதே வரி. எடுத்தார், வேட்டியில் துடைத்தார், மறுபடி வைத்தார். பிறகு, எதையும் தொடக் கூசும் அந்த மனிதர், ஊரே கை அலம்பிய அந்தக் கிண்ணத்திலிருந்து ஒரு எலுமிச்சைத் துண்டை எடுத்துத் தன் விரலை வெகுநேரம் தேய்த்தார். மறுபடி வைத்தார். பதியவில்லை. விரலை முகத்தருகே கொண்டுவந்து பார்த்தார். பரீட்சையில் தோற்ற மகனைத் தகப்பன் பார்ப்பதுபோல. குடையை எடுக்காமலே நான் திரும்பிவிட்டேன். அவர் பொய் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. உண்மையாகவே நம்பினார். அது தெரிந்தபின் அவர்மேல் இரக்கம் வந்தது, அருவருப்பும் கூடியது. இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடாமல் என்னுள் இருந்தன.

அவருடைய அம்மா வத்திராயிருப்பில் தனியாக இருந்தார். எங்களுக்கு அத்தை. மாமா அரசாங்க வேலையில் இருந்து இறந்தவர்; குடும்ப ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. ஓட்டு வீடு, பின்னால் இரண்டு தென்னை, ஒரு மாடு. மகன் ராஜபாளையத்து வீட்டில் பின்கட்டு அறையை ஒழித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொங்கலுக்கும் கூப்பிடுவார். "மாசம் பொறந்தா ஒருத்தன்கிட்ட கை நீட்டாம எம் பாட்டுக்கு இருக்கேன். அது நிக்கிற அன்னைக்கு வாரேன்" என்பார் அத்தை. அது நிற்காமல் இருக்க, ஆண்டுக்கொரு முறை தாம் உயிரோடு இருப்பதற்கு விரல் வைத்துச் சான்று கொடுக்க வேண்டும். அந்த ஐப்பசி, கார்த்திகை மழையில் அதற்காகத்தான் வந்தார். வத்திராயிருப்புப் பேருந்து வந்து சேர எப்போதும் மத்தியானம் ஆகிவிடும்.

நான் இருந்தேன். அத்தை வலக்கை ஆள்காட்டி விரலை வைத்தார். பெற்ற தாயின் விரல்மேலும் அந்த ஸ்கேல்தான் இறங்கியது.

"சாணி அள்ளுன கைய அப்படியே கொண்டாந்து வச்சா எப்படிம்மா எடுக்கும்?"

"குளிச்சுட்டுத்தானே ராசா வாரேன்."

"குளிச்சா போதுமா? கிண்ணத்துல முக்கு."

அத்தை முக்கினார். அடுத்த சனிக்கிழமையும் வந்தார், முக்கினார். நான் அவரைத் தனியே கூட்டிப்போய், காலையில் முதல் ஆளாக வைத்தால் பதியும், இல்லாவிட்டால் பேங்கில் நேரிலேயே போய்க் கையெழுத்துப் போடலாம், நான் வருகிறேன் என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெத்த மகன் கடை வச்சிருக்கையில இன்னொரு எடத்துல போயி நின்னா அவன் மானம் என்னத்துக்காகும்? ஊரு சிரிக்காதா? வேண்டாம் தாயீ."

காலையில் முதலில் வைத்துப் பார்க்கலாமே என்று அத்தானிடமும் சொன்னேன். "நேரம் பாத்து வைக்க இது என்ன ராகு காலமா?" என்றார். பிறகு அம்மாவிடம் திரும்பி, அக்கறையாகவே, அடங்கிய குரலில் சொன்னார். அந்தக் குரலை என்னால் மறக்க முடியவில்லை.

"செத்த தோலு மேல மூடிக்கெடக்கும்மா. செங்கக்கல்லுல நல்லாத் தேயி. பழைய தோலு போனாத்தான் ரேக மேல வரும்."

"எம்புட்டு நாளு தேய்க்கணும் ராசா?"

"வருத வரைக்கும் தேயி."

அதன்பின் அத்தை வரவில்லை. சான்றுக்குக் கெடுவான மாதக் கடைசி நெருங்கவும் அக்காவுக்கு மனம் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு வத்திராயிருப்புக்குப் போனாள். வாசலிலேயே வாடை அடித்தது. மழை ஈரம் என்று நினைத்தோம். உள்ளே போகப் போகக் கூடியது.

"எலி கிலி செத்துக் கெடக்கா அத்தை?"

"ஓடைப் பக்கம் ஏதாச்சும் கெடக்கும். ஒக்காருங்கட்டி, சோறு திங்கலாம்."

அத்தை இடக்கையால் பரிமாறினார். வலக்கை முந்தானைக்குள் இருந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் இடக்கையால் சோறு போட மாட்டார்கள். அக்கா கரண்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு முந்தானையை விலக்கினாள். மஞ்சள் பற்றின்மேல் ஈரத் துணி சுற்றி, அது காய்ந்து, தோலோடு ஒட்டியிருந்தது. வெந்நீர் ஊற்றி ஊற்றிப் பிரித்தோம். சுட்ட கத்தரிக்காயைப்போல விரல்நுனி கறுத்துத் தொளதொளத்தது. அடியிலிருந்து மஞ்சளாக வழிந்தது. செத்த எலி என்று நாங்கள் நினைத்தது அந்த விரல்தான். அக்கா கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். சர்க்கரை வியாதிக்காரர், நாள் தவறாமல் செங்கல்லில் விரலைத் தேய்த்திருக்கிறார். தோல் உரிந்தபின்னும், ரேகை மேலே வரும் என்று தேய்த்திருக்கிறார்.

"ஏன் அத்தை சொல்லல?" என்று நான் கேட்டேன்.

"அவன்ட்ட சொல்லிராதட்டி. சரியாத் தேய்க்கத் தெரியலன்னு ஏசுவான்."

ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் வலக்கை ஆள்காட்டி விரலை நடுக்கணு வரை எடுத்தார்கள். தள்ளிப்போட்டால் கையே போயிருக்கும் என்றார் மருத்துவர். அத்தான் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். நடிப்பில்லாத அழுகை, மூக்கு ஒழுக, சலவைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அழுதார். நான் தண்ணீர் கொடுத்தேன். என் கையிலிருந்த தம்ளரிலேயே வாங்கிக் குடித்தார். விக்கல் அடங்கியதும் மருத்துவரைப் பார்த்துச் சொன்னார்:

"அந்த வெரலு ஆரம்பத்துல இருந்தே சரியில்ல டாக்டர்."

அக்கா பக்கத்தில்தான் நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை எதிர்த்து ஒரு சொல் பேசாதவள். மறுநாள் காலையில் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, கடைச் சாவியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"நீ என்னமோ டிரைவருன்னியே. வந்து அதப் போடு. என்ன வந்தாலும் நான் பாத்துக்கிடுதேன்."

வேலை சிறியது, அதுதான் சகிக்க முடியாதது. கருவியைத் துளையிலிருந்து உருவினேன். கணினி தானாகப் போட்டுக்கொண்டிருந்த பழைய டிரைவரை வேரோடு நீக்கினேன். கணினியை அணைத்துத் திறந்து, கருவி செய்தவர்களின் தளத்திலிருந்து புதுக் கணினிக்கென்று எழுதிய டிரைவரை இறக்கிப் பதித்தேன். மின்சாரம் மிச்சம் பிடிக்க யு.எஸ்.பி.யைத் தூங்கவைக்கலாம் என்ற இடத்தில் இருந்த குறியை எடுத்துவிட்டேன். கடைசியாகக் கருவியைச் செருகினேன். மஞ்சள் முக்கோணம் இல்லை. காலை நேரத்து வெற்றியை நான் நம்பத் தயாராக இல்லாததால், எதையும் தொடாமல் மத்தியானம்வரை இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். பின் அக்காவை விரல் வைக்கச் சொன்னேன். அவளுடையதும் செத்த விரல் என்று அவர் எப்போதோ முடிவு சொல்லியிருந்தார். வைத்தாள். கண்ணிமைப்பதற்குள் பச்சைக் குறி வந்தது.

எட்டிப் பார்த்த பாயும் தன் விரலை வைத்தார். அதுவும் பதிந்தது. "மாப்ள ஊர்ல இல்லன்னதும் எனக்கு வெரலு மொளச்சிருச்சு பாத்தியா!" என்று சத்தமாகச் சிரித்தவர், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அக்கா எழுந்தாள். கிண்ணம், துணி, ஸ்கேல் மூன்றையும் அள்ளிக்கொண்டு போய்ச் சாக்கடையில் போட்டாள். திரும்பி வந்து குழாயடியில் முழங்கைவரை கழுவினாள், நிறுத்தாமல்.

மாதக் கடைசி நாளில் அத்தையைக் காரில் கடைக்கு அழைத்துவந்தோம். கையில் பெரிய கட்டு. முன்பே நான் அத்தானிடம் சொல்லியிருந்தேன்: "டிரைவரை மாத்திட்டேன் அத்தான். கோளாறு அதுலதான் இருந்துச்சு." அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, பழக்கத்தில் மேசையில் ஸ்கேலைத் தேடினார். அது இல்லை. வேறு வழியின்றி அத்தையின் இடக்கைக் கட்டைவிரலைத் தம் கையால் பிடித்துக் கண்ணாடிமேல் வைத்தார். தொட்டவுடன் பதிந்தது. அத்தை உயிரோடு இருப்பதாகத் திரை ஒப்புக்கொண்டது.

கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். பாயும் இருந்தார். அத்தான் திரையை வெகுநேரம் பார்த்தார். அந்தச் சில கணங்கள் அவர் ஏதோ சொல்லப்போகிறார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"பாத்தீங்களா? அந்தக் கெட்ட வெரலு ஒண்ணு போனதும் மத்ததெல்லாம் தெளிஞ்சிருச்சு."

யாரும் சிரிக்கவில்லை. பாய் சொல்லிக்கொள்ளாமல் வெளியே போய்விட்டார். அத்தை மகனை அண்ணாந்து பார்த்தார். காய்ச்சலில் பிதற்றும் பிள்ளையைப் பார்ப்பதுபோல.

"ஆமா ராசா" என்றார். பிறகு அக்காவிடம் திரும்பினார். "ஏட்டி, வத்திராப்பு பஸ்சு எத்தன மணிக்கு?"

"கை ஆறுத வரைக்கும் நம்ம வீட்டுல இரும்மா" என்றார் அத்தான். கெஞ்சலாகவே சொன்னார்.

"மாடு கட்டிக்கெடக்கும்ல. வாரேன்."

கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, இடக்கையால் கம்பியைப் பிடித்து, அத்தை பேருந்தில் ஏறினார்.

அதற்குப் பிறகு அத்தான் சில ஆண்டுகளே இருந்தார். கடையில் எல்லார் விரலும் காலை மாலை வித்தியாசமின்றிப் பதிந்தது. அது ஏன் என்று அவர் கேட்கவும் இல்லை, நான் மறுபடி சொல்லவும் இல்லை. வெள்ளிக்கிழமைப் பால்கோவாவை முன்போலவே நீட்டினார். ஒரு தடவைகூட என்னால் அதை வாயில் வைக்க முடியவில்லை. பிறகு சாப்பிடுகிறேன் என்று வாங்கி வைப்பேன். ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக் குன்றில் பெருமாளைச் சேவித்துவிட்டுப் படி இறங்கும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. வாய்க்கரிசி போட அத்தையைக் கொண்டுவந்தார்கள். நுனி போன விரல்வழியே அரிசி சிந்தியது. அக்கா தன் உள்ளங்கையை அடியில் ஏந்திக்கொண்டாள். இருவருமாகத்தான் போட்டார்கள்.

கடையைப் பாயின் தங்கை மகள் எடுத்து நடத்துகிறாள். அக்கா ராஜபாளையத்து வீட்டில் இருக்கிறாள். பின்கட்டு அறையில் இப்போது நான் இருக்கிறேன். அத்தை வத்திராயிருப்பில், தம் வீட்டிலேயே இருக்கிறார்.